ராவுத்தர் விற்ற வீடு

"ஏணியை விட்டு இறங்குய்யா! இந்த வீட்டு வெள்ளையடிப்பு என்னோடது. ராவுத்தருக்கு ரெண்டு ரூபா கொடுத்திருக்கேன்!" என்று ஹனீஃபா மேஸ்திரி பாலக்கரைக்கே கேட்கும்படி கத்தினார்.

"நானுந்தான் கொடுத்தேன், பாய்!" என்றார் வீரமலைக் கொத்தனார்.

ராவுத்தர் கல்யாணத் தரகர். எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்களோ, அங்கே வெள்ளையடிப்பு இருக்கும் என்று கொத்தனார்களுக்குச் சொல்லிக் காசு பார்ப்பார். இரண்டு மாதமாக வேலையில்லாத ஹனீஃபா விட்டுக்கொடுப்பாரா? வேலை தன்னுடையது என்று காட்ட, முன்சுவரைச் சுரண்டத் தொடங்கினார். வீரமலை மறுபாதியைச் சுரண்டினார்.

வீட்டுக்கார சாரா பீவி ஓடிவந்தார். "யாரைக் கேட்டுச் சுரண்டுனீங்க? அந்தச் சம்பந்தம் போன வாரமே முறிஞ்சுபோச்சு, ராவுத்தருக்கும் தெரியும். பூசிட்டுப் போங்க!"

சொந்தச் சுண்ணாம்பில், பல்லைக் கடித்துக்கொண்டு பூசினார்கள்.

சாரா பீவியின் மகள், தரகரே இல்லாமல், மணப்பாறையில் வாழ்க்கைப்பட்டாள். இரண்டு கொத்தனார்களும் தினம் ராவுத்தர் வாசலில் வந்து ஏசியதால் அவர் தொட்டியத்துக்குக் குடிபோனார். ஏசி ஓய்ந்த ஹனீஃபா பிழைப்புத் தேடிப் பினாங்குக்குக் கப்பலேறினார்.