படகு டெபாசிட்டுக்கு ஒரு வாக்கியம்

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமானது பாதிக்கும் குறைவு. மீதியை 1996 ஜூன் பதினான்காம் தேதி, காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தின் பெஞ்சில் டிக்கெட்டுக்காக உட்கார்ந்திருந்தபோது ஒட்டுக்கேட்டேன். ஒரு கணவனும் மனைவியும், ஆலப்புழையில் படகு வீட்டுக்காகக் கட்டிய டெபாசிட்டைத் திரும்பக் கேட்டு வந்திருந்தார்கள். மூன்று நாள் எடுத்த படகில் இரண்டாம் நாளே இறங்கிவிட்டார்கள். டெபாசிட் கிடையாது என்று படகு முதலாளி சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் கேட்டேன். எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது.

அப்போது நான் நாளிதழ் நிருபர். முடிவு தெரியாத செய்தியை அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். அதனால் இது கதையாயிற்று. பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. படகில் நடந்தது, அவர்கள் அலுவலகத்தில் துண்டு துண்டாகச் சொன்னதை நான் ஒட்டவைத்தது. கிருபாவின் மனதுக்குள் நடப்பதாக வருவது முழுக்க என் ஊகம். தவறாக இருந்தால் அந்த அம்மாள் மன்னிக்கவேண்டும்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

"காயல் நீர் அந்தக் காலை வேளையில் ஒரு பெரிய கண்ணாடியைப் போல" (வேண்டாம். நொய்யலில் சாயத்தையே பார்த்துப் பழகியவன் காயலைப் பார்த்துவிட்டு வந்தால் இப்படித்தான் ஆரம்பிப்பான்.)

"டெபாசிட் என்பது நம்பிக்கைக்கும் சந்தேகத்துக்கும் நடுவே" (இது கட்டுரை. அதுவும் மோசமான கட்டுரை.)

"கிருபா தன் பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, மூவாயிரம் ரூபாய் போயிற்று என்று."

இது பரவாயில்லை. ஆனால் எந்தப் பேனா, எதற்கு மூவாயிரம் என்று நீங்கள் கேட்பீர்கள். வரிசையாகவே சொல்கிறேன்.

3

கதிரேசன் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டர்னர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைவான். மனிதர்கள் விஷயத்தில் எவ்வளவு தப்பினாலும் சரி என்பான். அவன் மனைவி கிருபா போத்தனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மகள் சண்முகப்ரியா பத்தாவது எழுதிவிட்டு பாலிடெக்னிக்கில் சேரக் காத்திருந்தாள்.

படகு வீடு அப்போது புதுசு. கம்பெனியில் யாரோ போட்டோ காட்டியிருக்கிறார்கள். வாடகையைக் கதிரேசன் போனஸிலிருந்து கட்டினான். அது போதாது, சேதாரம் வந்தால் பிடித்துக்கொள்ள மூவாயிரம் டெபாசிட் வேண்டும் என்றார்கள், படகை ஏற்பாடு செய்த காந்திபுரம் டிராவல்ஸில். வீட்டில் இருந்த ஒரே மூவாயிரம், மகளின் ஃபீஸுக்கு எடுத்துவைத்தது.

"டெபாசிட்டுன்னா செலவா புள்ள?" என்றான் கதிரேசன். "நம்ம பீரோல இருக்கறது ஒரு வாரத்துக்கு அவிங்க பீரோல இருக்கும். அவ்வளவுதான்."

கிருபா ஒத்துக்கொண்டாள். (ஏன் ஒத்துக்கொண்டாள்? இங்கே ஒரு பக்கம் எழுதி, எடுத்துவிட்டேன். அவளுக்கும் போக ஆசையாக இருந்தது. அதற்கு ஒரு பக்கம் எதற்கு?)

4

மே மாதக் கடைசி வாரம். முதல் நாள் நன்றாகப் போயிற்று, ஆகவே எழுத ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் காலை, கரையிலிருந்து ஒரு ஆள் படகுக்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். படகுக்காரர் பெயர் சுகுணன், நாற்பது வயது இருக்கலாம். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"சாரே, எண்ட மோளுக்கு சுகமில்லா. ஆள் வந்து பறஞ்ஞு. எனிக்குப் போகணும்."

"அட, இதுக்கா இப்படி நிக்கறீங்க? கொழந்தைதானுங்க முக்கியம்," என்றான் கதிரேசன். "நாங்க எறங்கிக்கறமுங்க. எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க."

ஒன்றரை நாள் வாடகை தண்ணீரில் போனது. அதைக் கதிரேசன் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவே இல்லை. படித்துறைக்கு வந்ததும் சுகுணன் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்தார். விருந்தாளிகள் எழுதும் நோட்டு. தான் பாதியில் திருப்பியது தெரிந்தால் முதலாளி வேலையை விட்டு அனுப்பிவிடுவார், நீங்களே இறங்கியதாக இரண்டு வரி எழுதித் தரமுடியுமா என்று கைகூப்பினார்.

கதிரேசன் சட்டைப் பையைத் தடவினான். பேனா இல்லை. கிருபா தன் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு வரி கேட்டவருக்கு அவன் அரைப் பக்கம் எழுதினான்: "உபசரிப்பு மிக நன்று. மீன் குழம்பு அருமை. அவசர வேலை காரணமாக, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில், முன்னதாகவே இறங்குகிறோம். படகு ஓட்டிய திரு. சுகுணன் அவர்கள் தங்கமான மனிதர்." கீழே கையெழுத்து, தேதி, போத்தனூர் முகவரி, பின்கோடு.*

பதிவேடு என்றால் என்ன என்று கிருபாவுக்குத் தெரியும். முட்டை நூற்றுப்பத்து என்று எழுதியிருந்தால் நூற்றுப்பத்துதான். கூடையில் தொண்ணூற்றெட்டு இருந்தாலும் குறைந்த பன்னிரண்டுக்கு அவள்தான் பதில் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் யார் நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதவள், இங்கே பேனாவைக் கொடுத்துவிட்டு மீன் குழம்பைப் பற்றிய வரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

படித்துறையில் வேறொரு குடும்பம் பெட்டிகளோடு நின்றிருந்தது. ஆறு பேர். அவர்கள் இந்தப் படகையே பார்த்தார்கள். சுகுணன் இவர்களுடைய பைகளை மிக வேகமாக இறக்கிவைத்தார்.

* பின்கோடு எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் இரண்டு நாள் யோசித்தேன்.

5

இப்போது சுகுணனிடம் வந்து மாட்டிக்கொண்டேன்.

ஒரு பிரதியில் அவரைப் புளுகராக எழுதினேன். மகளுக்கு ஒன்றுமில்லை, மே மாத சீசன், முதலாளிக்குத் தெரியாமல் அதே படகை இன்னொரு கும்பலுக்கு விட்டுக் காசு பார்க்கிறார். கதை ஜோராக ஓடியது. ஆனால் ஒன்றரை நாள் மீன் பொரித்துப் போட்ட மனிதரை, ஆறு பேர் பெட்டியோடு நின்றார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் புளுகர் என்பதா? படித்துறை என்றால் ஆட்கள் நிற்கத்தான் செய்வார்கள்.

இன்னொரு பிரதியில் நல்லவராக எழுதினேன். ஆஸ்பத்திரிக் கட்டில், ஈரத்துணி, குழந்தையின் நெற்றி என்று போய் (இதற்கு மேல் எழுத எனக்கே வெட்கமாக இருந்தது.)

ஆகவே சுகுணனை அப்படியே விட்டிருக்கிறேன். தலைத்துண்டு கையில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

6

அலுவலகத்துக்கு வருவோம். கதை எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு சண்டை வேண்டும். மேசையில் ஓங்கி அடிக்க ஒரு கை, வாசலில் எட்டிப் பார்க்க நாலு தலை. கொங்கு நாட்டில் அதை எழுதிப் பாருங்கள், தெரியும். டிராவல்ஸ் நடத்துபவர் கோவிந்தராஜுலு, ஐம்பது வயது, நெற்றியில் மெல்லிய திருமண். நடந்ததை அப்படியே தருகிறேன்.

"வாங்க, வாங்க. உக்காருங்க அம்மணி. டீ சொல்லட்டுங்களா?"

"இப்பத்தானுங்க குடிச்சோம்," என்றான் கதிரேசன்.

"பரவால்லீங்க, இன்னொண்ணு குடிக்கலாம்."

"அந்த டெபாசிட் விசயமாத்தானுங்க..."

"தர மாட்டேன்னு நான் சொல்லலீங்க சார். காசு என்ற டிராயர்லதான் கெடக்குது. முதலாளி ஒரு வார்த்தை சொல்லோணுமல்லங்க? நீங்களா எறங்குனா டெபாசிட் இல்லைன்னு ரசீதுக்குப் பின்னால அச்சடிச்சே இருக்குதுங்க. நான் நடுவுல நிக்கறவன்."

"நீங்க சொல்றதும் செரிதானுங்க."

செரியாம்! இந்த மனிதனை வைத்துக்கொண்டு நான் எப்படி ஒரு சண்டைக் காட்சி எழுதுவது? எனக்கே ரத்தம் கொதித்தது என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படி இருக்கும்?

"ஏனுங்க," என்றாள் கிருபா, குரலை உயர்த்தாமல். "செரின்னு சொல்றதுக்கா நாலு தடவை ரெண்டு பஸ்ஸு மாறி வந்தோம்?"

கோவிந்தராஜுலு மேசையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஆலப்புழையிலிருந்து கூரியரில் வந்தது. விருந்தாளி நோட்டின் பக்கம்.

"இத வெச்சுட்டு நான் என்னங்க அம்மணி பேசறது? தங்கமான மனுசன்னு வேற எழுதிப்போட்டீங்க. எழுத்து பாருங்க, முத்து முத்தா இருக்குது."

"பள்ளிக்கூடத்துல கையெழுத்துக்குப் பரிசு வாங்கியிருக்கறனுங்க," என்றான் கதிரேசன். அவனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் பரிசைக் கொண்டுபோயி பேங்குல கட்டுங்க," என்றாள் கிருபா. "ரெண்டு மணிக்குச் சாத்திருவாங்க. இன்னிக்கு விட்டா ப்ரியா சீட்டு அடுத்த புள்ளைக்குப் போயிரும்."

கோவிந்தராஜுலு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை. டீ வந்தது. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நகர்த்திக்கொடுத்தார்கள்.

7

முடிவுகள்.

முதலாவது: கோவிந்தராஜுலு மனம் இரங்கித் தன் கைக்காசிலிருந்து பாதியைத் தருகிறார். (பாதி ஃபீஸை எந்தப் பாலிடெக்னிக்கும் வாங்காது. இந்த முடிவு எனக்கு மட்டுமே நிம்மதி தரும்.)

இரண்டாவது: கிருபா நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். கூட்டம் சேர்கிறது. நிருபர் ஒருவர் (ஐயோ, வேண்டாம்.)

மூன்றாவது முடிவல்ல, நடந்தது. கோவிந்தராஜுலு பெருமூச்சு விட்டுப் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"நானே முதலாளிக்குப் போடறனுங்க. படகுக்காரந்தான் பாதியில நிறுத்துனான்னு ஒரு வார்த்தை உங்க வாயால சொல்லிப்போடுங்க. அவரு அந்தாளைச் சீட்டக் கிழிச்சு அனுப்பிச்சுட்டு வேற ஆளைப் போட்டுக்குவாரு. நான் இந்த நிமிசமே மூவாயிரத்த எண்ணி வெக்கறனுங்க."

எண்களைச் சுழற்றினார். இரண்டு முறை கிடைக்கவில்லை. மூன்றாவது முறை மணி அடிக்க, ரிசீவரைக் கதிரேசனிடம் நீட்டினார். கதிரேசன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எழுதிக் குடுத்துட்டனுங்களே. எப்படிங்க மாத்திப் பேசறது? அந்தாளு கொழந்தைக்கு மேலுக்கு முடியலைன்னாரு."

"அப்ப நம்ம கொழந்தைக்கு?" என்றாள் கிருபா.

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"பொட்டியோட ஆறு பேரு நின்னாங்களே, அவிங்க யாருன்னு யோசிச்சீங்களா?"

"வேற படகுக்கு நின்னிருப்பாங்க புள்ள."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி..." கதிரேசன் தரையைப் பார்த்தான். "தெரியாம எப்படிச் சொல்றது? ஒரு மனுசன் சோறு."

கிருபா எழுந்து ரிசீவரை வாங்கினாள்.

8

சுகுணனைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், இவளுடைய சங்கடம் தீர்ந்துவிடும். மகளுக்கு முடியவில்லை என்பது நிஜம் என்று எழுதினால் அவள் ரிசீவரை வைத்துவிட்டு நகையை அடகு வைக்கக் கடை தேடிப் போகலாம். பொய் என்று எழுதினால் தைரியமாகப் பேசலாம். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு ஐம்பதுக்கு அந்த வரி அவளிடம் இல்லை. அவளிடம் இல்லாததை உங்களுக்கு நான் காதோடு சொல்லிக் கொடுப்பது மோசடி.

மறுமுனையில் யாரோ "ஹலோ, ஆராணு?" என்றது பெஞ்சுவரை கேட்டது. கிருபா வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்தினாள். கணவனைப் பார்த்தாள், அவன் நிமிரவில்லை. கோவிந்தராஜுலு டிராயரைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, இவ்வளவு நேரமும் கேட்டுட்டுத்தான உக்காந்திருக்கறீங்க. நீங்களே சொல்லுங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டாள்.

"குடும்ப விசயமுங்க," என்றேன். "நான் எப்படிங்க அதுல..." என் டிக்கெட் ஏற்கெனவே கைக்கு வந்திருந்தது. வெளியே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, எதிர்ப்பக்கம் ஒரு பேக்கரியில் நின்று, வாசலைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே முதுகைத் திருப்பிக்கொண்டேன். முடிவு தெரியாது என்று ஆரம்பத்தில் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

கிருபா ரிசீவரைப் பொத்தியபடி இன்னும் நிற்கிறாள். மறுமுனையில் அந்த ஆள் இரண்டாவது தடவை ஹலோ என்கிறார். பெஞ்சு காலியாக இருக்கிறது. உட்காருங்கள். அவள் உங்களைத்தான் கேட்கிறாள்.