வண்டி கும்பிடும் வளைவு

கருகிப்போன கிளட்ச் பிளேட்டைச் சாக்கின் மேல் போட்டு அன்வர் விரலால் சுண்டினான், கருந்தூள் உதிர்ந்தது, அதன் வாடை மூக்கில் ஏறியதும் பாவாயிக்கு அடிவாரத்து மெக்கானிக் கொட்டகை மறைந்து மலை வந்துவிட்டது, பதினேழாம் வளைவு, ஐப்பசித் தூறல், பிக்கப் வண்டியின் வயிற்றுக்கடியிலிருந்து நீலமாகக் கிளம்பும் புகை, பின்னால் மெத்தையில் கிடக்கும் புருஷன் செங்கோடன், அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொழுந்தன் நாச்சிமுத்து கத்துகிறான், ஏறு அண்ணி, ஏறு, அவளும் மிதிக்கிறாள், இன்ஜின் அலறுகிறது, சக்கரம் அசைய மாட்டேன் என்கிறது, அது நடந்து முப்பத்தெட்டு நாளாகிவிட்டது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், அவளுக்கு அது நடந்து முடியவேயில்லை, ஒவ்வொரு நாளும் பல் துலக்கும்போதும் உலை வைக்கும்போதும் அந்த வளைவில்தான் நிற்கிறாள், கால் மிதித்தபடியே இருக்கிறது.

அக்கா, என்றான் அன்வர், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போயிட்டு வந்துரலாமா, இன்னிக்கு மாட்டினாத்தான் நாளைக்கு வண்டி ஏறும். நாளைக்கு ஏறியே ஆக வேண்டும். பக்கத்து வீட்டு நல்லம்மாளை ஆஸ்பத்திரியில் இனிமேல் வைத்திருந்து பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள், இரண்டு நாளோ மூன்று நாளோ என்றார்கள், செங்கோடனுக்கும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். கேளுங்கள், அந்த மலையில் ஒரு கட்டு உண்டு, உயிரோடு ஊர் எல்லைக்கல்லைத் தாண்டினால்தான் வீடு, எல்லைக்கு வெளியே மூச்சு நின்றுவிட்டால் உடம்பு ஊருக்குள் வராது, கல்லுக்கு அந்தப் பக்கமே பச்சை ஓலையில் கிடத்தி, அங்கேயே குளிப்பாட்டி, அங்கிருந்தே காட்டுக்குத் தூக்கிவிடுவார்கள், வாசலில் கோலம் அழிக்க மாட்டார்கள், உள்ளே விளக்கு வைக்க மாட்டார்கள், தான் கட்டிய வீட்டைக் கடைசியாக ஒரு தரம் பார்க்க அந்த மனுஷனுக்கு வாய்க்காது. ஆஸ்பத்திரி வண்டி பத்தாம் வளைவுக்கு மேல் வராது, அதற்கப்புறம் பாதை பாதையாக இருக்காது, மேலூருக்கு இருப்பது ஒரே வண்டி, இருபத்தோரு வருஷத்துப் பிக்கப், மிளகும் பலாவும் இறங்குவதும் அதில்தான், சாகக் கிடப்பவர்கள் ஏறுவதும் அதில்தான்.

கடைக்காரர் மூன்று பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார், பழைய பிளேட்டில் புதுப் பட்டை ஒட்டின ரீலைனிங்கும் இருக்கு, ஆனா அதைக் காட்ட மாட்டேன், போன தடவ அதானே போட்டீங்க, என்றார், அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள், ஊர் முழுக்க இந்தப் பேச்சுதான், பழசை ஒட்டிப் போட்டு ஓட்டினாள், அதான் நடுவழியில் விட்டுவிட்டது என்று, நாச்சிமுத்து அன்றிலிருந்து அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அவன் சாடையாகச் சொன்னதைப் பிறர் வந்து சொன்னார்கள், அண்ணன் உசுரவிட அவளுக்குக் காசு பெருசாப் போச்சு என்று. முதல் பெட்டியைத் திறந்தார் கடைக்காரர், பிளேட்டைச் சுற்றிச் செம்புத் துண்டுகள் பல்வரிசை மாதிரி பதித்திருந்தன, இதைப் போட்டீங்கன்னா வண்டி செத்தாலும் கிளட்ச் சாவாதுக்கா, கல் குவாரிக்காரங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போறாங்க. அன்வர் அதைத் தொடக்கூட இல்லை, இது தேயாதுங்கறது நெசம், ஆனா வெடுக்குன்னு கவ்வும், ஒவ்வொரு தடவ எடுக்கும்போதும் வண்டி குதிக்கும், கல்லுக்கு வலிக்காது, படுத்திருக்கறவங்களுக்கு வலிக்கும். கடைக்காரர் சிரித்தார், உங்க மேஸ்திரிக்கு நான் விக்கறதெல்லாம் நோவுதான். இரண்டாவது, பட்டை தடிமனாக, ஸ்பிரிங் கெட்டியாக இருந்தது, அன்வர் அவள் இடது முழங்காலைப் பார்த்தான், இது ரொம்ப நாள் வரும், ஆனா பெடல் பாறை மாதிரி இருக்கும், இருபத்தாறு வளைவு மிதிச்சுருவியாக்கா. அவள் மிதிப்பாள் என்றுதான் சொன்னாள், அவன் தலையாட்டி அதையும் ஒதுக்கினான்.

பெடல் பாறை மாதிரி இருக்கும், அதே வார்த்தை, செங்கோடன் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த முதல் நாள் அவள் சொன்ன வார்த்தை, ஏனுங்க இது பாறை மாதிரி இருக்குது, அவன் சிரிக்கிறான், பாறையா, உன்ர அப்பன் வீட்டு ஆட்டுக்கல்லைவிடவா, மிதி புள்ள, அவனுக்குச் சர்க்கரை வந்து கால்விரல் இரண்டை எடுத்த பிறகு வண்டி அவள் கைக்கு வந்தது, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு கியர் சொல்வான், பதினேழாம் வளைவு வந்தால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும், அங்கே பாறைக்கடியில் முனியப்பன் இருக்கிறது, உருவம் கிடையாது, எண்ணெய் பூசின மூன்று கல், மேலேறும் எந்த வண்டியும் அங்கே மூன்று தரம் கும்பிட வேண்டும், பிரேக்கைத் தொடக் கூடாது, தொட்டால் முனியை நம்பவில்லை என்று அர்த்தம், கிளட்சைப் பாதியில் பிடித்துச் சற்றே விட்டால் வண்டி ஒரு முழம் முன்னே சாயும், மிதித்தால் சரிவில் ஒரு முழம் பின்னே வரும், அப்படி மூன்று தரம், பார்ப்பதற்கு வண்டியே குனிந்து குனிந்து வணங்குகிற மாதிரி இருக்கும், அவன் செய்தால் அத்தனை அழகு, ஒரு டம்ளர் டீ பேனட்டில் வைத்திருந்தாலும் சிந்தாது, அவளுக்கு அது கைவர ஒரு வருஷம் பிடித்தது, கைவந்த அன்றைக்கு அவன் முறுக்கு வாங்கிக் கொடுத்தான்.

மூன்றாவது பெட்டியை அன்வர் தானே பிரித்தான், வண்டி வந்தபோது எது இருந்ததோ அதே கம்பெனி செட், பிளேட்டும் அழுத்துத் தட்டும் பேரிங்கும் சேர்ந்தது, மெத்துன்னு பிடிக்கும், சரியா ஓட்டினா அஞ்சாறு வருஷம் பேசாது, இதான் உனக்கு. வெளியே வந்து நிழலில் நின்றபோது அவன் ஒரு பீடியைப் பற்றவைக்காமலே கையில் உருட்டினான், அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காத, ரீலைனிங் மேல பழி போடறாங்களே, அது நான் ஒட்டினது, நல்ல பட்டை, ஒரு வருஷம் ஓடியிருக்கும், பிளேட்டை ஒட்டிச் சுத்தற பிளைவீலைப் பார்த்தேன், மயில்கழுத்து மாதிரி நீலம் பாஞ்சு கெடக்குது, அந்தச் சூடு சும்மா வராது, ஏத்தத்துல அரை கிளட்ச்சுல ரொம்ப நேரம் நின்னியா. சந்தைப்பக்கமிருந்து வெங்காய லாரி ஒன்று போனது, எத்தனை தரம் கும்பிட்ட, என்றான் அன்வர், அவனுக்கும் அந்த வளைவு தெரியும், அந்த மலைக்கு வண்டி பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். எண்ணலை, என்றாள் பாவாயி. எந்த பிளேட்டா இருந்தாலும் போயிருக்கும், என்றான் அவன், பிளேட் என்னக்கா பண்ணும், கால் சொல்றதைத்தான கேக்கும்.

அவள் எண்ணவில்லைதான், ஆனால் ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது, முதல் கும்பிடு, இரண்டாவது, மூன்றாவதில் வண்டி முன்னே சாய்ந்ததும் பின்னாலிருந்து நாச்சிமுத்துவின் குரல், அண்ணி, கண்ணத் தொறந்துட்டான், அண்ணன் கண்ணத் தொறந்துட்டான், ஆஸ்பத்திரியில் இரண்டு நாளாகத் திறக்காத கண், இன்னொருக்கா ஆட்டு அண்ணி, அவள் ஆட்டுகிறாள், பாக்கறான், என்னைப் பாக்கறான், இன்னொருக்கா, தொட்டில் ஆட்டுகிற மாதிரி அவள் அந்த வண்டியை ஆட்டுகிறாள், முனியப்பா முனியப்பா, நாச்சிமுத்து அழுதுகொண்டே சிரிக்கிறான், உதடு அசையுது அண்ணி, நிறுத்திராத, அவள் நிறுத்தவில்லை, ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ, முதலில் வாடை வந்தது, யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தாள், பிறகு புகை. கிளம்பலாம் என்று முழுதாக விட்டபோது வண்டி கேட்கவில்லை. செங்கோடன் அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் இருந்தான், கட்டில் கொண்டுவர ஊருக்கு ஓடின நாச்சிமுத்து ஆட்களோடு திரும்பி வருவதற்குள் போய்விட்டான், கடைசியில் அவன் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நல்லம்மாளை ஏற்றினார்கள். நல்லம்மாளும் பாவாயியும் ஒரே தை மாதத்தில் அந்த ஊருக்கு வாழ வந்தவர்கள், ஒரே கிணற்றில் இறைத்தவர்கள், சண்டை போட்டால் மூன்று மாதம் பேசாதவர்கள், இப்போது அவள் வாழைத்தண்டு மாதிரி வெளுத்துக் கிடந்தாள், அவள் மகள் பரிமளா தலைமாட்டில், நாச்சிமுத்து கால்மாட்டில், அவன் பாவாயியைப் பார்க்காமலே ஏறினான், தூக்கிவிட ஆள் வேண்டுமே என்று வந்திருந்தான். புதுக் கிளட்ச் பச்சைப் பிள்ளை மாதிரி சொன்னபடி கேட்டது, ஐந்து, ஒன்பது, பதிமூன்று, நல்லம்மாள் முனகவே இல்லை, பதினாறு தாண்டியதும் பாவாயியின் கால் தானாகவே தளர்ந்தது, மூன்று எண்ணெய்க்கல் தெரிந்தது, அதன் முன்னே தரையில் இன்னும் ஒரு கருப்புக் கறை. மூணோட நிறுத்தினா எதுவும் ஆவாது என்று அன்வர் சொல்லியிருந்தான், அவள் அதை எண்ணிப் பார்த்தாள், மூன்றாவதில் நல்லம்மாள் கண் திறந்தால், பரிமளா இன்னொருக்கா என்றால், மூன்றோடு நிற்கிற கால் தன்னிடம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது, முதல் கியரிலேயே அழுத்திப் பிடித்தாள். பின்னால் நாச்சிமுத்து கூரையில் தட்டினான், அண்ணி, முனி, முனி, கும்பிடாமப் போற. பரிமளா கண்ணாடியை அறைந்தாள், எங்கம்மாளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னைச் சும்மா விட மாட்டேன் பெரியம்மா, நிறுத்து, கல் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது, பாவாயி திரும்பிப் பார்க்கவில்லை, கழுத்து முடியெல்லாம் நட்டுக்கொண்டது.

பதினேழாம் வளைவிலிருந்து எல்லைக்கல்லுக்குப் பதினொரு நிமிஷம் ஆயிற்று, அவள் பார்க்க வேண்டுமென்று பார்க்கவில்லை, வண்டியிலிருந்த கடிகாரம் கண்ணில் பட்டுவிட்டது, பதினொரு நிமிஷம், செங்கோடனுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. கல்லைத் தாண்டியதும் ஊர்ப் பெண்கள் ஓடிவந்தார்கள், நல்லம்மாள் மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, சொந்த வாசல்படியில் வைத்ததும் கை நீட்டி நிலையைத் தொட்டாள், பரிமளா அழுத அழுகையில் பாவாயியைத் திட்டினதையெல்லாம் மறந்துபோனாள், அடுத்த நாள் மதியம் நல்லம்மாள் தன் வீட்டில், தன் பாயில், மகள் ஊட்டின பால் தொண்டையில் இறங்கியதும் அடங்கினாள், அது வேறு கதை.

அவளை உள்ளே கொண்டுபோய்விட்டு நாச்சிமுத்து வெளியே வந்தான், பாவாயி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள், அவன் முன்பக்கமாக வந்து நின்றான், முப்பத்தொன்பது நாளில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தான், நல்ல கிளட்சாப் பாத்துத்தான் வாங்கியிருக்க, என்றான், இதை அன்னிக்கே போட்டிருந்தா எங்கண்ணன் வீட்டுல இருந்து போயிருப்பான். பேனட்டின் மேல் கை வைத்தான், அண்ணன் தலையைத் தாங்கியிருந்த கை, இன்னொருக்கா இன்னொருக்கா என்று கூரையைத் தட்டின கை, பாவாயிக்குச் சொல்ல வந்தது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது, நீலம் பாய்ந்த பிளைவீலும், பட்டை மேல் குற்றமில்லை என்பதும், பதினொரு நிமிஷமும், ஒரு வார்த்தை போதும், பாதிச் சுமை அவன் தலைக்கு மாறிவிடும், அவன் அதைத் தாங்க மாட்டான், அண்ணன் இறங்கச் சொன்னால் கிணற்றில் இறங்குகிறவன் அவன்.

ஆமா நாச்சிமுத்து, என்றாள், அந்தப் பழைய பிளேட் சரியில்ல, நாந்தான் பாத்து வாங்காம விட்டுட்டேன். அவன் வந்து அவள் பக்கக் கதவைத் திறந்தான், போனது போவுது அண்ணி, எறங்கு, ரெண்டு வாய் சோறு தின்னு, என்றான், அவள் இறங்கினாள்.