நீளம் கூடிய தோட்டா

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. ஓசியில் கிடைப்பதைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன். கென்டக்கி மலைப்பக்கத்தில், வெர்லினின் துப்பாக்கிக் கடைக்குத் தூண்டில் முள் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் அர்லெட்டா நின்றிருந்தாள்.

'நடுங்கும் கைகளால் அவள் அந்தப் பழைய துப்பாக்கியை…'

வேண்டாம். நடுங்கவில்லை. (நடுங்கியிருந்தால் கதைக்கு ஆதாயம். ஆனால் அது இருபது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய கை.)

2

மகளை அடித்து உள்ளே போன மருமகன் டுவெயின் வியாழக்கிழமை வெளியே வருகிறான். மகள் இப்போது அர்லெட்டாவின் வீட்டில். இன்று செவ்வாய். அர்லெட்டாவின் கையில் இருப்பது அவளுடைய மாமனார் விட்டுப்போன பதினாறு கேஜ் இரட்டைக்குழல் துப்பாக்கி.

"ஒரு பெட்டி தோட்டா குடு. கனமா."

"இதுக்குக் குடுக்க மாட்டேன்க்கா. தொண்ணூறு வருஷத்துத் துப்பாக்கி, குழல்ல தோட்டா உக்கார்ற அறை குட்டை. இப்ப வர்ற தோட்டா நீளம்."

அவள் மேசைமேல் இருந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் குழலில் நுழைத்தாள். சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது.

"போகுதே."

"போகும். உங்க மாப்பிள்ளையும் வீட்டுக்குள்ள நுழையறப்ப ஒழுங்காத்தான் நுழைஞ்சான்."

வெர்லின் குப்பைக்கூடையைக் கிளறி, அதே ரகத்தில் சுட்டு முடிந்த வெறும் கூட்டை எடுத்து அதே குழலில் விட்டான். முழுக்க இறங்காமல் துருத்திக்கொண்டு நின்றது.

"சுடுறப்ப தோட்டாவோட மடிச்ச வாய் விரிஞ்சு இப்படி நீளும். விரிய இடமில்லேன்னா அழுத்தம் ஏறி குழலே வெடிக்கலாம். உங்க மூஞ்சி பக்கத்துல."

"குட்டையானது?"

"சனிக்கிழமை வரும். அதுலயும் உள்ள இருக்கற ஈய ரவை சின்னதாப் போதும். பெருசு உங்க பலகைச் சுவரத் தாண்டும். அந்தப் பக்கம் மகள் படுத்திருக்கா."

"அதுவரைக்கும்?"

"என்னோடத எடுத்துட்டுப் போங்க. இத இங்க விட்டுடுங்க."

3

அர்லெட்டாவின் கண் சுருங்கியது. சரக்கைக் குறைசொல்லி விலையை இறக்குவது எந்தச் சந்தையிலும் புதிதல்ல.

"இதுமேல உனக்கு எப்பவுமே ஒரு கண்ணு, வெர்லின்."

"இருக்கு. இல்லேங்கலையே."

[வெர்லினை யோக்கியனாக்கி இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்; ஒட்டவில்லை. அவன் சொன்னது உண்மை. கண் வைத்திருந்ததும் உண்மை.]

4

ஒரு முடிவில் அவள் துப்பாக்கியை மாற்றிக்கொண்டு போகிறாள். இன்னொன்றில், நெடுஞ்சாலைக் கடையில், எதற்கென்று கேட்காதவர்களிடம் நீளமானதையே வாங்குகிறாள். டுவெயின் திருந்தி வருவதாகவும் ஒன்று எழுதினேன். எனக்கே விற்க முடியவில்லை, கிழித்துவிட்டேன்.

'வியாழன் மாலை, கதவு…'

நான் கடையை விட்டுக் கிளம்பும்போது அவள் நின்றுகொண்டே இருந்தாள். ஒரு கையில் புதுத் தோட்டா, மறு கையில் வெறும் கூடு. எதை எடுத்துப் போவதென்று நீங்களே சொல்லி அனுப்புங்கள். துப்பாக்கிக் கட்டையில் கன்னம் வைக்கப்போவது அவள்.