கேப்டனைத் தாண்டக் கூடாது

நாளைக் காலை சொலேன் ஊரை விட்டுப் போகிறாள். இன்றைய சைக்கிள் சவாரி முடிவதற்குள் அவளிடம் ‘போகாதே’ என்று சொல்லிவிட வேண்டும். ரெஜிசுக்கு இருந்த வேலை அவ்வளவுதான், ஒரே ஒரு சொல். அதைக்கூடச் சொல்லத் துப்பில்லாமல் ஏழு வருஷத்தை ஓட்டிய மனிதனை என்னவென்று சொல்ல! கூரை வேலை அவன் தொழில்; மாதா கோயில் கூரை உச்சியில் நின்று ஓடு மாற்றுவான், பயம் கிடையாது. சொலேன் “நல்லா இருக்கியா?” என்று கேட்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

காஸ்தெல்மூர் சைக்கிள் சங்கம் பழைய பாணிச் சங்கம். ஞாயிற்றுக்கிழமை சவாரியில் பந்தயம் கிந்தயம் எல்லாம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே வேகம், இரண்டிரண்டு பேராக வரிசை, எல்லோருக்கும் முன்னால் தனியாகக் கேப்டன். கேப்டனைத் தாண்டக் கூடாது. அவர் எங்கே திரும்புகிறாரோ அங்கே எல்லோரும் திரும்ப வேண்டும். ஏன், எதற்கு என்பதையெல்லாம் பிறகு காபிக் கடையில் கேட்டுக்கொள்ளலாம். கேப்டனும் முன்னிடத்தை விட்டு நகரக் கூடாது. இந்தச் சட்டங்களில் பாதியை எழுதியவன் ரெஜிஸ்தான், கேப்டனும் அவன்தான். திரும்பிப் பார்ப்பதுகூட அவனுக்குக் கௌரவக் குறைச்சல். பின்னால் சங்கிலிகள் ஓடும் சத்தத்தை வைத்தே யார் தளர்கிறார்கள், யார் கியர் மாற்றுகிறார்கள் என்று சொல்லிவிடுவான். ஆக, சொலேன் பின்னால், அவன் முன்னால். நடுவில் சட்டம்.

காபிக்காக நின்ற இடத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. சொலேன் மட்டும் ஒரு மரத்தடியில் தனியாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ரெஜிஸ் கோப்பையோடு பக்கத்தில் போனான். தொண்டையைச் செருமினான்.

“டயர்ல காத்து சரியா இருக்கா?” என்று கேட்டான்.

“இருக்கு,” என்றாள் சொலேன். கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். “வேற ஏதாச்சும்?”

“வேற... சங்கிலிக்கு எண்ணெய்...”

“போட்டாச்சு.”

கசாப்புக் கடை கிலேம் இதையெல்லாம் ரொட்டி மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். ரெஜிஸ் திரும்பி வந்ததும் அவன் காதோரம் குனிந்தான். “ஏய்யா, சைக்கிளையா கட்டிக்கப் போற? பொண்ணு நாளைக்கு பிரெஸ்டுக்குப் போறா. அங்க ஆஸ்பத்திரில நர்ஸ் வேல. நாட்டோட அந்தக் கோடி. இப்பவும் வாயத் தெறக்கலன்னா நீயெல்லாம் மனுசனா?”

“வழியில சொல்றேன்.”

“வழியில எப்படிச் சொல்லுவ? முதுகாலயா?”

ஜூன் மாதத்துக் காலை. பள்ளங்களில் பனிமூட்டம் பாலாடை மாதிரி படிந்திருந்தது. குன்றுகளின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. சாலை ஒவ்வொரு தலையாக ஏறும், மறுபடி பாலுக்குள் இறங்கும். இறங்கினால் உடம்பெல்லாம் குளிரும், ஏறினால் வெயில் முகத்தைத் தடவும். கோதுமை ஒரு பக்கம், இன்னும் பூக்காத சூரியகாந்தி ஒரு பக்கம். எங்கிருந்தோ பூண்டு வாசனை வந்தது.

கடைசி நாற்சந்தி வந்தது. வலது பக்கம் ஊர். ஒரே ஒரு இறக்கம் இறங்கினால் சந்தை மண்டபம், கைகுலுக்கல், ‘போய் வர்றேன்’, முடிந்தது கதை. ரெஜிசின் வலது கை தூக்க வேண்டிய இடத்தில் இடது கை நீண்டது. அவனாக நீட்டவில்லை, அதுவாக நீண்டது என்றுதான் பிறகு சொல்லிக்கொண்டான்.

கேப்டன் இடது பக்கம் திரும்பினால் சங்கமே இடது பக்கம் திரும்பும். திரும்பியது.

அடுத்த சந்தியிலும் இடது. அதற்கடுத்ததில் ஒரு குறுகலான தார்ச்சாலை. நடுவில் புல் முளைத்த அந்தச் சாலை எங்கே போகிறதென்று அதற்கே தெரியாது. ஒரு சின்ன மாதா கோயில் வந்தது, போனது. கொஞ்ச நேரம் கழித்து அதே கோயில் மறுபக்கமாக வந்தது. ஒரு குளம் வந்தது, அதில் மேகம் கிடந்தது. சைக்கிள்களின் சத்தம் மட்டும் தேனீக் கூட்டம் போல ஒரே சீராக ரீங்காரம் போட்டது. வரிசையில் பேச்சு நின்று, எல்லோரும் கண் திறந்தபடி தூங்குகிறவர்களைப் போல மிதித்தார்கள். ரெஜிசுக்கு இப்படியே போய்க்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. சாலை தீராமல் இருந்தால் நாளை எப்படி வரும்? அடுத்த குன்று உச்சியில் சொல்லிவிடுவேன் என்று நினைப்பான். உச்சி வரும். இதைவிட அடுத்தது நல்ல உச்சி என்று தோன்றும்.

“யோவ் கேப்டன்!” பின்னாலிருந்து கிலேமின் குரல் வந்தது. “அந்தப் பசு நம்மள மூணாவது தடவ பாக்குது! அதுக்கே வெக்கமா இருக்குய்யா!”

ரெஜிஸ் மிதித்துக்கொண்டே இருந்தான்.

“வீட்டுல எம் பொண்டாட்டி நதேஜ் அடுப்புல ஆட்டுத்தொட வச்சிருக்கா. நேரத்துக்குப் போகலன்னா அத எறக்கிட்டு என்னைய உள்ள வச்சிருவா!”

யாரோ சிரித்தார்கள். யாரோ பசிக்கிறது என்றார்கள். ரெஜிஸ் இன்னொரு இடது பக்கம் திரும்பினான். தாண்டிப் போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. சங்கம் என்றால் சங்கம்தான், பட்டினி கிடந்தாலும் சட்டம் சட்டம்! ஆனால் கிலேம் கசாப்புக்காரன், எலும்புக்கும் கறிக்கும் நடுவில் கத்தியை எங்கே விடுவதென்று தெரிந்தவன். “தாண்டத்தான கூடாது? நிக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்லியே,” என்று அவன் பின்னால் முணுமுணுத்தது காற்றில் வந்தது.

அதன்பிறகு ரீங்காரம் மெலிய ஆரம்பித்தது. ஒரு பிரேக் கீச்சிட்டது. இன்னொன்று. சாலையோரச் சரளையில் கால்கள் ஊன்றும் சத்தம். ரெஜிஸ் கேட்டுக்கொண்டே மிதித்தான். ஒவ்வொரு சங்கிலியாக அடங்கியது. போகட்டும், எல்லோரும் போய்த் தொலையட்டும் என்று நினைத்தான். உடனேயே, அவளும் போய்விட்டால்? போயிருப்பாள், போகாமல் என்ன செய்வாள்? மூட்டை கட்டக் கிடக்கிறது, இந்தக் கிறுக்கன் பின்னால் சுற்ற அவளுக்கென்ன தலையெழுத்தா?

மேடு ஒன்று நீளமாக ஏறியது. இருபக்கமும் கோதுமை, மேலே வானம், வேறொன்றும் இல்லை. பின்னால் ஒரே ஒரு சங்கிலி ஓடிக்கொண்டிருப்பது போல இருந்தது. தன் சங்கிலியின் சத்தம்தானோ என்றும் இருந்தது. மிதிப்பதை நிறுத்திக் கேட்டால் தெரிந்துவிடும். திரும்பிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். கழுத்து திரும்ப மறுத்தது. வெறும் சாலையைப் பார்த்துவிட்டால் அத்தோடு அவன் செத்தான்.

அப்போது இடது பக்கம் ஒரு முன்சக்கரம் எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு கை. பிறகு சொலேன் முழுசாக வந்து, அவனையும் தாண்டிப் போய், சைக்கிளைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

ரெஜிஸ் பிரேக்கைப் பிடித்தான். “கேப்டனைத் தாண்டக் கூடாதுன்னு...”

“வாய மூடு ரெஜிஸ்,” என்றாள். மேடேறி வந்ததில் மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது. “ஏழு வருசமா ஞாயித்துக்கெழமையானா உன் முதுகத்தான் பாத்துட்டு வர்றேன். எந்த எடத்துல வேர்க்கும், எந்தத் தோளு முதல்ல சாயும், எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கியா நீ?”

“போகாத,” என்றான் ரெஜிஸ்.

வந்துவிட்டது. வந்த வேகத்தில் அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது.

கண் நிறைந்துவிட்டது சொலேனுக்கு, கோபமும் குறையவில்லை. “இப்பச் சொல்றியா? வீட்டக் காலி பண்றேன்னு எழுதிக் குடுத்துட்டேன். வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். அந்த வேல எனக்கு ஆசையா இருந்துச்சுன்னா நெனச்ச? போறேன் போறேன்னு ஊர் முழுக்கச் சொன்னேன். ஒருத்தன் தடுப்பான்னு பாத்தேன். அவன் டயர்ல காத்து இருக்கான்னு கேக்குறான்!”

“நான் ஒரு மடையன்.”

“அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் போறேன் ரெஜிஸ். வாக்குக் குடுத்தாச்சு, அங்க எனக்காகக் காத்துட்டு இருக்காங்க. நான் இங்க இருக்க முடியாது. நீ வர்றியா?”

அவன் சுற்றிலும் பார்த்தான். ஒவ்வொரு குன்றும், ஒவ்வொரு கோயிலும், அந்தப் பசு உட்பட, அவனுக்குத் தெரியும். ஐம்பது வயதில் இதையெல்லாம் விட்டுவிட்டு எங்கே போவது?

“அங்க எனக்கு ஒரு ரோடும் தெரியாதே சொலேன்.”

“எனக்கும்தான் தெரியாது. பக்கத்துல பக்கத்துல போய்த் தெரிஞ்சுக்குவோம். வருசம் முழுக்க மழையாம், கூர ஒழுகாத வீடா இருக்கும்? ஒனக்கு வேலைக்கென்ன பஞ்சம்?”

ரெஜிஸ் வாயைத் திறந்தான். இந்த முறை நாக்கு ஒட்டவில்லை.

“வர்றேன்,” என்றான். “இங்க முடிக்க வேண்டிய கூர ஒன்னு இருக்கு. முடிச்சிட்டு வந்துர்றேன்.” சொன்னதும் கைப்பிடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழந்தை மாதிரி விசும்பி அழுதான்.

சொலேன் அவன் பிடரியில் கை வைத்தாள். அதுவரை பின்னாலிருந்து வெறுமனே பார்த்துவந்த இடம் அது.

“அழுதது போதும்ப்பா,” என்றாள். “முன்னால இறக்கம். கண்ணு தெரிய வேணாமா?”