மீதி இரண்டு

வாரத்துக்குப் பதினாறு கேப்ஸ்யூல். நாளுக்கு இரண்டு வீதம் பதினான்கு. அடுத்த முறை வரத் தாமதமானால் என்று கூடுதலாக இரண்டு. செவ்வாய்க்கிழமை தோறும் நர்ஸ் புட்டியைத் தட்டில் கவிழ்ப்பாள். இரண்டு விழுந்தால் அவன் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

முதல் நாளே நர்ஸ் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டாள். "ஹெராயினுக்கு மாற்று மருந்து இருக்கு. கொக்கெய்னுக்கு இதுவரைக்கும் எதுவும் இல்ல. இது கேட்குதான்னு பார்க்கத்தான் இந்தச் சோதனை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"எங்க வீட்டுல என்னைப் பொடிசுன்னுதான் கூப்பிடுவாங்க," என்றான் தம்பி. "பேரு பலிச்சிருச்சு."

நர்ஸ் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அரை நாள் விடுப்புக்கு முதலாளியிடம் கெஞ்சிவிட்டு வந்திருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த தம்பிக்கு வேலை போய், மனைவியும் போய், மிஞ்சியது அக்கா வீட்டு ஹாலில் ஒரு பாய்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை மாலை, அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் புட்டி கனத்தது. எண்ணிப் பார்த்தாள். பதினொன்று.

"ஏன்டா சாப்பிடல?"

"ஒண்ணைப் பிரிச்சு நாக்குல வெச்சுப் பார்த்தேன்க்கா. மரத்துப் போகல. நான் இழுக்குற சரக்குன்னா ஒரு துளி போதும், நாக்கு கட்டை மாதிரி ஆயிடும். இது மாவு. நம்ம ராசி."

"மாவாவே இருக்கட்டும். முழுங்கித் தொலையேன்."

"மாவு தின்ன ரெண்டு பஸ் மாறிப் போகணுமாக்கா?"

இரண்டு வாரம் தொடர்ந்து குறைத்துச் சாப்பிட்டால் சோதனையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாளாவது அவன் நாடியைப் பிடித்து, "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்க ஓர் இடம் இருந்தது. அதுவும் கதவைச் சாத்திவிட்டால்? அக்கா ஒன்பது கேப்ஸ்யூலைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு சுழன்று மேலே வந்தன. இன்னொரு வாளி ஊற்றினாள்.

மறுநாள் தட்டில் இரண்டு விழுந்தன. "நல்ல அக்கா," என்றாள் நர்ஸ்.

அப்படியே பத்து வாரம். சிறுநீர்ச் சோதனையில் வாராவாரம் கொக்கெய்ன் இருந்தது. தட்டில் வாராவாரம் இரண்டே இருந்தது. டாக்டர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

சோதனை முடிந்த ஏழாவது வாரம் தம்பியின் இதயம் நின்றது. முப்பத்து நான்கு வயது.

மறு வருடம் அவன் பெயருக்கே கடிதம் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இந்த மருந்தை இத்துடன் கைவிடுகிறோம். தாங்கள் இருந்தது மருந்துப் பிரிவு.

அக்கா கடைசி வரியை நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் போய்ச் சொன்னதை நர்ஸ் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அந்த மருந்துக்கு நாக்கு மரத்துப் போகாதும்மா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"இப்ப எழுதிக்கிட்டா மாறுமா? மறுபடியும் அந்த மருந்தைப் பார்ப்பாங்களா?"

"ஒருத்தரை வெச்சு மாறாது." நர்ஸ் தட்டைத் துணியால் துடைத்தாள். "போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தரோட வீட்டுக்காரம்மா. நீங்க சொன்னதையேதான் சொன்னாங்க."

"அவங்களை எல்லாம் சேர்த்தா?"

"வந்து சொன்னவங்களைச் சேர்க்கலாம். சொல்லாதவங்களை எங்கே போய்த் தேடறது?"

வெளியே பெஞ்சில் அடுத்த மருந்துக்கான ஆட்கள் காத்திருந்தார்கள். நர்ஸ் கூப்பிட்டதும் ஒரு பெரியவர் மகனை முன்னால் விட்டு உள்ளே வந்தார். புட்டி மகனிடம் இல்லை, அவர் கையில் இருந்தது.

"ஒழுங்கா சாப்பிடுறான் சிஸ்டர்," என்றார், கேட்பதற்கு முன்பே.

நர்ஸ் கவிழ்த்தாள். தட்டில் இரண்டு விழுந்தன. அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா பெரியவரைப் பார்த்தாள். அவர் தட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.