பெட்ரித் தட்டுக்கு விபூதிப் பட்டை

மூக்காண்டியின் பெயர் கெட்டது பால்கோவாவால்.

எங்கள் லேப் டெக்னீஷியன் மாலை வகுப்பு திருவேங்கடம் சாலையில் ஒரு சேலைக் குடோனுக்கு மேல்மாடியில் நடக்கிறது. வகுப்பில் நாங்கள் ஐந்து பேர். ஆசிரியை காந்திமதியம்மாளின் பிறந்தநாளுக்கு, எங்களில் ஒருவனான மூக்காண்டி தன் கையால் கிளறிய பால்கோவாவைக் கொண்டுவந்தான். தின்ற அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்வதற்குள் வாந்தி எடுத்தோம். நான் கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது என் அதிர்ஷ்டம். பின் ஜன்னலில் இருந்தவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

விஜயதசமி அன்று மூக்காண்டி சொந்தமாக இனிப்புக் கடை திறப்பதாக இருந்தான். அதற்குள் ஊர் அவனுக்கு 'வாந்திக்கோவா' என்று பெயர் வைத்துவிட்டது.

"கடைக்குப் போர்டு எழுதியாச்சு மேடம். இப்படியே போனா பக்கத்துல பக்கெட்டும் வைக்கணும்," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை.

காந்திமதியம்மாள் யோசித்தார். "தின்ன கொஞ்ச நேரத்துல எல்லாருக்கும் வாந்தின்னா எனக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் மேலதான் சந்தேகம். அது மூக்குலயும் புண்ணுலயும் குடியிருக்கும். கை வழியா பலகாரத்துக்கு வந்து, வெளிய வச்சிருந்தா பெருகி விஷத்தைக் கக்கும். அப்புறம் சுட வச்சாலும் அந்த விஷம் போகாது. முதல்ல எல்லாரு மூக்கையும் பாத்துருவோம்."

ஆயுத பூஜைக்கு முந்தின மாலை ஆளுக்கொரு பஞ்சுக்குச்சியை மூக்கில் விட்டு, உப்பு மிகுந்த சிவப்பு ஊட்டக்கூழ் ஊற்றிய பெட்ரித் தட்டில் வளைத்து வளைத்து இழுத்தோம். அந்த உப்பில் மற்ற கிருமிகள் பெரும்பாலும் பிழைக்காது. நாங்கள் தேடும் பொல்லாத வகை பிழைப்பதோடு நில்லாமல் சிவப்பைச் சுற்றிலும் மஞ்சளாக்கும். நான் குச்சியை வலது மூக்கில் விட்டேனா இடதில் விட்டேனா என்று சந்தேகம் வந்ததால் இன்னொரு முறை இரண்டிலும் விட்டேன். மூக்காண்டி தும்மியதில் அவன் குச்சி பறந்துபோய் எலும்புக்கூடு படத்தில் ஒட்டிக்கொண்டது. அவனுக்குப் புதுக் குச்சி கொடுத்தோம்.

மறுநாள் ஆயுத பூஜை. தறிச் சத்தம் இல்லாமல் ஊரே காது அடைத்த மாதிரி இருந்தது. எங்கள் நிறுவனத்தின் உரிமையாளர் நல்லகண்ணு அண்ணாச்சி நுண்ணோக்கிக்கு மாலை போட்டார். புத்தகங்களை அடுக்கினார். பிறகு தட்டுகள் இருந்த இன்குபேட்டரின் சுவிட்சில் கை வைத்தார்.

"தறியே நிக்கி. இது மட்டும் ஓடலாமா?"

"அண்ணாச்சி, உள்ள அடைகாக்கு. நிப்பாட்டக் கூடாது," என்றார் காந்திமதியம்மாள்.

அடைகாப்பது அண்ணாச்சிக்குப் புரிந்தது. அதன் தலையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, "நாளைக்குக் காலையில மறுபூஜை முடியுத வரைக்கும் ஒருத்தரும் எதையும் தொடக் கூடாது," என்று எங்களைக் கீழே அனுப்பிவிட்டார்.

விஜயதசமி காலை. கடை திறக்க நல்ல நேரம் பத்தரை. திறப்பாளர் நல்லகண்ணு அண்ணாச்சிதான். முதல் துண்டு பால்கோவாவை அவர் கையாலேயே எல்லோருக்கும் கொடுப்பதாக நோட்டீஸே அடித்திருந்தார்கள். மறுபூஜை முடிந்ததும் நாங்கள் தட்டுகளை வெளியே எடுத்தோம்.

ஐந்து தட்டிலும், குறுக்கே, பொன்னிறத்தில் மூன்று கோடுகள். சுற்றிலும் மஞ்சள்.

நான் முதலில் என் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு எல்லோருடைய தட்டிலும் தவறு செய்தது நான்தானோ என்று பயந்தேன்.

காந்திமதியம்மாள் ஒரு தட்டை விளக்கில் பிடித்தார். குச்சி வளைந்து வளைந்து போன தடத்தில் வெள்ளைப் புள்ளிகள் கொஞ்சம்தான் இருந்தன. அங்கே மஞ்சள் இல்லை. மூக்காண்டியின் தட்டிலும் அப்படித்தான்.

"ஏலே, உன் மூக்கு சுத்தம்."

"அப்ப இந்தக் கோடு யாரு மூக்கு மேடம்?"

"மூக்கு பட்டை போடாதுடா. விரல்தான் போடும்."

ஒரு பொன் புள்ளியை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் ரத்தப் பிளாஸ்மாவோடு கலந்தார். பொல்லாத வகையென்றால் அது திரியும். பால் திரிவது போலத் திரிந்தது. தேடிய ஆள் அகப்பட்டாயிற்று. ஆனால் அந்தக் கிருமி யார் விரலில் இருந்து வந்தது?

முன் அறையில் புது வேட்டியில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியிடம் கேட்க என்னை அனுப்பினார்கள்.

"நீதான் பதமாச் சொல்லுவ," என்றான் மூக்காண்டி.

நான் வணக்கம் சொன்னேன். காலையிலேயே சொல்லியிருந்தது நினைவுக்கு வந்து, அதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு தட்டை நீட்டினேன்.

"அண்ணாச்சி, தட்டுக்குப் பூஜை போட்டீங்களா?"

"போடாம? மூடி மேல வச்சா குடைக்குப் பொட்டு வச்ச மாதிரி, ஆளுக்குப் போய்ச் சேராது. அதான் எல்லாத்தையும் திறந்து உள்ளயே விபூதி இழுத்துட்டேன்." தட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஏட்டி, தங்கமால்லா ஆயிருக்கு."

அவர் சுட்டிய கையின் மோதிர விரலில் துணி சுற்றியிருந்தது. தட்டில் அடிக்கோடுதான் மற்ற இரண்டையும் விடத் தடித்திருந்தது.

"விரல்ல என்ன அண்ணாச்சி?"

"பைக் செயின் கடிச்சது. ஆறவே மாட்டேங்கு, சீழ் வருது."

"மேடம் பிறந்தநாளுக்கு பால்கோவாவத் துண்டு போட்டது..."

"நான்தான். மத்தியானம் அவன் குடுத்துட்டுப் போனதுமே போட்டு கம்ப்யூட்டர் மேசையில மூடி வச்சேன். ஈ அண்டல." பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "ஏட்டி. அன்னைக்கு நானும்லா வாந்தி எடுத்தேன்."

"நீங்களும் அதைத்தானே தின்னீங்க."

அவர் தட்டையும் விரலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என் சான்றிதழ் அவருடைய அலமாரியில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"நம்ம வகுப்புக்கு மட்டும்தான் அண்ணாச்சி."

"அது போதாதே," என்று எழுந்தார்.

மூக்காண்டியின் கடை வாசலில் கூட்டம் இருந்தது. ஆனால் எல்லோரும் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். அண்ணாச்சி நாற்காலி மேல் ஏறி, துணி சுற்றிய விரலைத் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு வாந்திக்குக் காரணம் மூக்காண்டி இல்ல. இந்த விரலு. இதுல இருந்த கிருமியை, திருவேங்கடம் சாலையில இருக்குத நம்ம இன்ஸ்டிடியூட்லயே, நம்ம பிள்ளையளே கண்டுபிடிச்சிருக்கு. அட்மிஷன் நடக்கு."

ஒரு பெரியவர் சாலையைக் கடந்து வந்தார். "அப்ப இன்னைக்குப் பால்கோவாவ யாரு தொட்டா?"

"நான் மட்டும்தான் ஐயா. சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை போட்டு. கிளறின உடனே ஃபிரிட்ஜுல வச்சேன்," என்றான் மூக்காண்டி.

"கிருமிக்காரரு?"

"அவரு நாற்காலிய விட்டு எறங்க மாட்டாரு."

பெரியவர் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். சாலையே அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"கால் கிலோ கட்டு," என்றார்.

அதற்குப் பிறகு வரிசை தபால் நிலையம் வரைக்கும் போனது. உற்சாகத்தில் அண்ணாச்சி ரிப்பன் வெட்டக் கீழே இறங்கப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மேலயே நில்லுங்க," என்றான் மூக்காண்டி, கரண்டியைக் கீழே வைக்காமல். "ஏட்டி செல்வி, நீ வெட்டு."

எந்த இடத்தில் வெட்டுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வரிசை ரிப்பனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது.