நாலரை மணிப் பழுது

விடியுமுன், நாலரை மணிக்கு, பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரத்து ஆம்புலன்ஸ்களை எல்லாம் ஸ்த்ராவ்கா தன் பத்து விரலில் தாங்கிக்கொண்டிருந்தாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் வரைபடம் நாள்தோறும் அந்நேரத்துக்கு உறைந்துபோகும். சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டு, அது எழுந்து நிற்கும்வரை பதினெட்டு நிமிடம், வரும் அழைப்பை எல்லாம் கையால் தட்டி ஓட்டுநர்களுக்கு அனுப்ப வேண்டும். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. கண் எரிந்தது. நாலு மாதமாக இதே பிழைப்பு.

அந்த வரைபடத்தின் கணினி நிரல் கம்பெனியுடையதே இல்லை. முகம் தெரியாதவர்கள் உலகம் முழுக்கச் சேர்ந்து எழுதி, யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்தது. முதலாளி ரங்கேல் அதை எடுத்து, கம்பெனிப் பெயரை ஒட்டி, பூட்டுப் போட்டு விற்றார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. பூட்டிய பிறகு வெளியே யார் எதைச் சரிசெய்தாலும் உள்ளே வராது. உள்ளே ஒரு வரி மாற்றவும் மூன்று மேலாளர் கையெழுத்து வேண்டும்.

பொறுக்கமாட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்த்ராவ்காவே வீட்டில் உட்கார்ந்து திருத்தம் எழுதி வெளியே அந்தத் திறந்த நிரலுக்கு அனுப்பினாள். செவ்வாய்க்குள் பெருவில் ஒருவன் அதிலிருந்த ஓட்டையை அடைத்திருந்தான். பின்லாந்தில் ஒருத்தி சோதித்துக் கீழே தன் பெயரை எழுதியிருந்தாள். அங்கே அதுதான் வழக்கம். பெயர் போட்டவர் அதற்குப் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில் ஸ்த்ராவ்காவும் தன் சொந்தப் பெயரிலேயே அனுப்பிவிட்டாள்.

புதன் காலை ஒன்பதுக்கு, அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ரங்கேல் அவள் மேசைக்கே வந்தார். கூடத்தில் அவளோடு சேர்த்துப் பதினொரு பேர். எல்லார் கையும் நின்றது.

"ஒப்பந்தத்தப் படிச்சீங்களா ஸ்த்ராவ்கா? நீங்க வீட்ல தூக்கத்துல எழுதினாலும் அது கம்பெனிச் சொத்து."

"நாலு மாசமா கேட்டேன். மூணு கையெழுத்து வரல. அவங்க ரெண்டே நாள்ல முடிச்சிட்டாங்க."

"சம்பளம் வாங்காதவன் வேலைய நம்பி ஆம்புலன்ஸ் ஓட்டச் சொல்றீங்களா?"

"அத நம்பித்தானே இவ்வளவு நாளும் ஓட்டுறோம்."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ரங்கேல் ஒரு தாளை வைத்தார்.

"திருத்தத்த வாபஸ் வாங்குறேன்னு நாளைக்குள்ள கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா வீட்டுக்குப் போகலாம். ரெண்டு வருஷத்துக்கு வேற எவன்கிட்டயும் இந்த வேலை பாக்க முடியாது. அதுவும் ஒப்பந்தத்துல இருக்கு."

அவர் போனதும் அவள் தாளைப் புரட்டிப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டால் இந்த நாலரை மணி ஆயுசுக்கும். போடாவிட்டால் தெரு. எல்லாருமாக வேலையை நிறுத்தலாம் என்றால், எங்கோ எவனோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குக் காத்திருப்பான்.

பக்கத்து மேசை லியூபென் தன் பனிட்சா அடையைப் பிய்த்துப் பாதியை நீட்டினான். பாலாடைக்கட்டி ஒழுகியது.

"சாப்பிடுக்கா. எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்க."

"உனக்கென்ன, உன் பேரா அதுல இருக்கு?"

"இல்லியே. அதான் வெக்கமா இருக்கு."

கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் திருத்தத்தைத் தன் கணினியில் ஓட்டினான். மதியம்வரை விடாமல் பொய் அழைப்புகளைக் குவித்துப் பார்த்தான். வரைபடம் உறையவில்லை. கீழே எழுதினான்: சோதித்தவர், லியூபென். பின்வரிசைக்காரி, "எனக்கும் காட்டு" என்று வந்தாள். அடுத்து இன்னொருவர். மூன்று பிள்ளைக்காரன் ஒருவன் மட்டும் ஆறு மணிவரை நகத்தைக் கடித்துவிட்டுக் கடைசியில் எழுதினான். உலகமே பார்க்கும் பக்கத்தில் அவள் பெயருக்குக் கீழே கூடத்திலிருந்த பத்துப் பேரின் பெயரும்.

"வேலைய நிறுத்த வேணாம்," என்றாள் ஸ்த்ராவ்கா. "ஒழுங்கா செய்வோம். நாளைக்கு விடியக்காலையில எல்லாரும் வாங்க."

மறுநாள் நாலு மணிக்குப் பனியில் பதினொரு பேர் நின்றார்கள். அவள் தன் அட்டையைக் கதவில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கெடு முடியும் முன்பே, இரவோடு இரவாக அவள் அட்டையைச் செல்லாததாக்கிவிட்டார்கள்.

லியூபென் தன் அட்டையை வைத்தான். பச்சை. காலால் கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு ரங்கேலுக்குப் போன் செய்தான்.

"வண்டிகள நாங்க பாத்துக்கறோம் சார். அனுமதிக் கையெழுத்து மட்டும் உங்களோடது. திருத்தத்தப் போடச் சொல்லுங்க. அக்காவும் இங்கதான் இருப்பாங்க."

ரங்கேல் போனை வைத்தார்; அவளை முன்னே விட்டு எல்லாரும் உள்ளே போனார்கள். நாலரைக்கு வரைபடம் உறைந்தது. அழைப்புகள் வந்து குவிந்தன. பதினொரு பேரும் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள்.

நாலு மாதத்தில் முதல்முறையாக ஸ்த்ராவ்காவுக்கு மணிக்கட்டு வலிக்கவில்லை.